எய்தலும் எய்துதலும்

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில், அன்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில், மன ஒருமைப்பாடு பற்றிப் பேசினேன். வழக்கம்போல் துரோணர் தம் மாணவர்களுக்கு வைத்த தேர்வையும், மரத்தின் மீதிருந்த பறவையின் கண்ணை மட்டுமே கண்ட அர்ச்சுனனையும் எடுத்துச் சொன்னேன். 'மனத்தை இலக்கில் குவியுங்கள். வெற்றி உறுதி' என்று பேச்சை முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பின் ஓர் அன்பர் தம் மகளுடன் அருகில் வந்தார். "சுவாமிஜி, இவள் மருத்துவப் படிப்புக்காக இரண்டு ஆண்டுகள் ஒரே குறியாகப் படித்தாள். வீட்டில் தொலைக்காட்சியைத் தொடவில்லை. சொந்த அத்தை மகளின் திருமணத்துக்குக்கூட வரவில்லை. நீங்கள் சொன்ன அந்தப் பறவையின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் இடம் கிடைக்கவில்லை. இப்போது உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் என் ஒருமைப்பாட்டில்தான் குறையா, அப்பா?' என்று கேட்கிறாள். நான் இவளுக்கு என்ன பதில் சொல்வது?" என்றார்.

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை.

அன்பர்களே, அன்று நான் மேடையில் சொன்னது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. முயன்று வென்றவனுக்கு அந்தப் பாதி போதும். அவன் மகிழ்ச்சியோடு கேட்டுவிட்டுப் போவான். முயன்றும் தோற்றவனுக்கோ அதுவே முள்ளாகக் குத்தும். சொல்லாமல் விட்ட மறு பாதியை இங்கே சொல்ல விரும்புகிறேன். அதற்கு மகாபாரத வில்லாளி ஒருவர் மட்டும் போதாது. நம் காலத்தில், நம் நாட்டில், நம் கண்முன்னே வில்லேந்தி நிற்கும் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

மாங்காயில் தொடங்கிய குறி

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ராஞ்சிக்கு அருகே உள்ளது ராத்து சட்டி என்னும் சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்தவர் தீபிகா குமாரி. 1994-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை ஆட்டோ ஓட்டுநர், தாய் செவிலியர். மாமரத்தின் காய்களைக் கல்லால் குறிபார்த்து வீழ்த்துவதில் அந்தச் சிறுமிக்கு அலாதியான இன்பம். வில்லும் அம்பும் வாங்கித் தரும் வசதி வீட்டில் இல்லை. மூங்கிலால் செய்த வில்லும் அம்புமே அவருடைய முதல் கருவிகள்.

2005-இல் கர்சாவானில் இருந்த வில்வித்தைப் பயிற்சிக் கழகம் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜாம்ஷெட்பூரில் உள்ள டாட்டா வில்வித்தைக் கழகத்தில் சேர்ந்தார். முறையான வில்லும் சீருடையும் உதவித்தொகையாக 500 ரூபாயும் கிடைத்தது அங்கேதான். பன்னிரண்டு வயதுச் சிறுமி, வீட்டை விட்டுப் பிரிந்து, விடியற்காலையிலிருந்து மாலைவரை ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வாழ்க்கைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தாள். முதல் மூன்றாண்டுகளில் அவர் வீடு சென்று வந்தது ஒரே ஒரு முறைதான் என்பர். அதுவும் 2009-இல் இளையோருக்கான உலகப் பட்டத்தை வென்ற பிறகு!

அதன்பின் அவருடைய வளர்ச்சி அம்பின் வேகத்தில் நிகழ்ந்தது. 2010-இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளில், பதினாறு வயதில், தனிநபர் பிரிவிலும் அணிப் பிரிவிலும் இரண்டு தங்கப் பதக்கங்கள். 2012 மே மாதம் துருக்கியின் அந்தால்யா நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம். அதே ஆண்டில், பதினெட்டு வயதில், உலகத் தரவரிசையில் முதலிடம், அர்ஜுனா விருது. 2016-இல் பத்மஸ்ரீ விருது. அந்த ஆண்டிலேயே ஷாங்காயில் 72 அம்புகளில், 720-க்கு 686 புள்ளிகள் எடுத்து அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். 2021 ஜூன் 27 அன்று பாரிஸ் உலகக் கோப்பைப் போட்டியில் ஒரே நாளில் மூன்று தங்கங்கள்: ஒன்று தனிநபருக்கு, ஒன்று மகளிர் அணிக்கு, ஒன்று தம் கணவர் அதானு தாஸுடன் சேர்ந்து ஆடிய கலப்பு அணிக்கு. மீண்டும் உலகின் முதலிடம்.

சொற்பொழிவாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். 'பார்த்தீர்களா, ஏழை வீட்டுப் பெண் உலகின் சிகரத்தைத் தொட்டாள்! ஒருமைப்பாட்டின் வெற்றி!' என்று சொன்னால் கைதட்டல் கிடைக்கும். நாம் நிறுத்தப் போவதில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்கு உரிய இடமே இனிமேல்தான் வருகிறது.

நான்கு முறை திறவாத கதவு

2012 லண்டன் ஒலிம்பிக். உலகின் முதல் வில்லாளியாக அங்கே சென்றார் தீபிகா. தனிநபர் பிரிவில் முதல் சுற்றிலேயே போட்டியை நடத்திய நாட்டின் வீராங்கனையிடம் தோற்றார். அணிப் போட்டியில் இந்திய மகளிர் டென்மார்க்கிடம் 210-க்கு 211 என்று தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளி!

2016 ரியோ ஒலிம்பிக். தனிநபர் பிரிவில் இரண்டு சுற்றுகளை வென்று மூன்றாவதில் தைவான் வீராங்கனையிடம் தோல்வி. அணிப் போட்டியின் காலிறுதியில் ரஷ்யாவிடம் சமன்முறிவு வரை சென்று தோல்வி.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக். பாரிஸில் மூன்று தங்கங்கள் வென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னாள் உலக வாகையரான ரஷ்ய வீராங்கனையைச் சமன்முறிவில், ஒரே அம்பில் பத்துப் புள்ளி எடுத்து வென்றார். ஆனால் காலிறுதியில் எதிரே நின்றவர் தென்கொரியாவின் ஆன் சான். அந்த ஒலிம்பிக்கில் மூன்று தங்கங்களைக் குவித்தவர். ஒரு செட்டைக்கூட எடுக்க முடியாமல் 0–6 எனத் தோற்றார் தீபிகா.

2022 டிசம்பரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. வில்லின் நாணை முழுவதும் இழுத்து நிறுத்துவதற்குத் தோளிலும் முதுகிலும் எவ்வளவு வலிமை வேண்டும் என்பது வில்லெடுத்தவர்களுக்குத் தெரியும். பேறுகாலத்துக்குப் பின் அந்த வலிமையை மீண்டும் அடியிலிருந்து வளர்த்துக்கொண்டு, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றார். காலிறுதியில் தென்கொரியாவின் இளம் வீராங்கனை நாம் சு-ஹியோனுக்கு எதிராக இரு முறை முன்னிலை பெற்றார். கடைசி இரண்டு செட்டுகளும் எதிரிக்குப் போயின. 4–6. கதவு நான்காம் முறையும் திறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வில்லாளிகள் சிலரை மட்டும் அழைத்து நடத்தப்படுவது உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அதில் தீபிகா 2011, 2012, 2013, 2015, 2024 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வெள்ளி வென்றார். இந்த ஐந்து முறையும் தங்கம் ஒரு படி மேலே நின்றுவிட்டது.

இப்போது சொல்லுங்கள். இவருக்கு ஒருமைப்பாடு இல்லையா? உழைப்பு இல்லையா? 'மனம் குவிந்தால் வெற்றி உறுதி' என்னும் சூத்திரத்தை வைத்துக்கொண்டு இந்த வாழ்க்கையை அளந்தால், ஒன்று இவரை நாம் குறை சொல்ல வேண்டும். அல்லது சூத்திரத்தைத் திருத்த வேண்டும். திருத்தப்பட வேண்டியது சூத்திரமே.

துரோணர் எதைச் சோதித்தார்?

மீண்டும் அந்த மரத்தடிக்குச் செல்வோம். துரோணர் ஒரு செயற்கைப் பறவையை மரத்தின் உச்சியில் வைக்கிறார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து நாணேற்றி நிற்கிறார்கள். 'என்ன தெரிகிறது?' என்று ஆசான் கேட்கிறார். மரம் தெரிகிறது, தாங்கள் தெரிகிறீர்கள், உடன்பிறந்தவர்கள் தெரிகிறார்கள் என்று தருமர் உள்ளிட்டோர் விடையளிக்கிறார்கள். ஆசான் அவர்களை விலகச் சொல்கிறார்.

இங்கே ஓர் உண்மையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர்களில் ஒருவருடைய அம்பும் வில்லை விட்டுப் புறப்படவே இல்லை! குறி தவறியதற்காக யாரும் அங்கே விலக்கப்படவில்லை. எய்வதற்கு முன்பே தேர்வு முடிந்துவிட்டது. அர்ச்சுனனும் பறவையை வீழ்த்துவதற்கு முன்பே தேறிவிட்டான். துரோணர் கேட்டது 'அடித்தாயா?' என்பதன்று, 'என்ன காண்கிறாய்?' என்பதே. ஆசான் சோதித்தது பலனை அன்று, பார்வையை. இத்தனை ஆண்டுகள் இந்தக் கதையைச் சொல்லி வந்த நானே, அந்தப் பெண் கேட்ட பிறகுதான் இதைக் கவனித்தேன்.

நம் தமிழ்மொழி இந்த வேறுபாட்டை அழகாகப் பேணி வைத்திருக்கிறது. அம்பு விடுதலை 'எய்தல்' என்கிறோம். அடைதலை 'எய்துதல்' என்கிறோம். வில்லாளி அம்பை 'எய்தான்', இலக்கை 'எய்தினான்'. இரு சொற்களுக்கும் இடையே ஓரெழுத்துதான் கூடுதல். எய்தல் நம் செயல். எய்துதல் நம் செயலோடு இன்னும் பல சேர்ந்து விளைவது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதால்தான், வென்றபோது 'எல்லாம் என்னால்' என்ற செருக்கும், தோற்றபோது 'எல்லாம் என் குறை' என்ற கலக்கமும் நம்மைப் பற்றுகின்றன.

ஐந்தாவது காரணம்

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான், எந்தச் செயலும் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்களைக் கூறுகிறார். செயலுக்கு இடமான உடல் ஒன்று. செய்பவன் ஒன்று. கருவிகள் ஒன்று. பலவகைப்பட்ட முயற்சிகள் ஒன்று. ஐந்தாவதாகத் தெய்வம். இதைச் சொன்னவர் தேரோட்டி, கேட்டவர் வில்லாளி. ஆகவே வில்லை வைத்தே இதைப் புரிந்துகொள்வது பொருத்தமாகும்.

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் குறுக்களவு 122 சென்டிமீட்டர். நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் 12.2 சென்டிமீட்டர் மட்டுமே. பாட்டுக் கேட்கப் பயன்படும் குறுந்தகடு ஒன்றின் அளவு. எய்யும் இடத்திலிருந்து பார்த்தால் அது ஒரு மஞ்சள் புள்ளிதான். நேருக்கு நேர் போட்டியில் ஓர் அம்பை எய்ய இருபது விநாடிகளே உண்டு.

அந்த இருபது விநாடிகளில் என்ன நிகழ்கிறது? பாதங்கள் நிலத்தில் ஊன்றுகின்றன. உடல் தூண்போல் நிற்கிறது. இது முதற் காரணம். 'நான் எய்கிறேன்' என்று தீர்மானிக்கும் உள்ளம் இரண்டாவது. வில், நாண், அம்பு, கண், விரல் ஆகிய கருவிகள் மூன்றாவது. நாணை இழுத்து, ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் தாடையின் அதே இடத்தில் பதித்து, முதுகின் தசைகளை மெல்ல மெல்ல விரித்துச் செல்வது நான்காவது. வில்லில் 'கிளிக்கர்' என்னும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அம்பு போதிய அளவு பின்னுக்கு இழுக்கப்பட்டதும் அது 'டிக்' என்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்டதும் விரல்கள் நாணை விடுகின்றன. அதுவரை எல்லாம் வில்லாளியின் ஆட்சி.

விட்ட பின்? அம்பு இலக்கை அடைய ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாகவே ஆகிறது. அந்த ஒரு விநாடி வில்லாளிக்குச் சொந்தமன்று. இடையில் காற்று இருக்கிறது. விடும்போது இருந்த காற்று, பாதி வழியில் மாறிவிடலாம். பக்கத்தில் நிற்கும் எதிரியின் கைக்கு அன்று என்ன வாய்த்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நீங்கள் மூன்று அம்பில் இருபத்தெட்டு எடுக்கலாம். அது நல்ல எண்ணிக்கை. எதிரி இருபத்தொன்பது எடுத்தால் அந்தச் செட் உங்களுடையதன்று. உங்கள் குறையால் நீங்கள் தோற்கவில்லை, ஆனாலும் தோற்றீர்கள். இதுவே ஐந்தாவது காரணம்.

'ஆனால் சுவாமிஜி, எல்லாம் தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டால் முயற்சி தளர்ந்துவிடாதா?' என்று கேட்கலாம். பகவான் வைத்த வரிசையைப் பாருங்கள். தெய்வத்தை முதலில் வைக்கவில்லை, ஐந்தாவதாக வைத்தார். முதல் நான்கையும் தன்னால் இயன்றவரை நிறைவேற்றாதவன் ஐந்தாவதைப் பற்றிப் பேசும் தகுதி இல்லாதவன். படிக்காத மாணவன் 'விதி' என்று சொன்னால் அது சோம்பலின் மறுபெயர். உண்மையாக உழைத்த மாணவன் சொன்னால் அது பணிவு. சொல் ஒன்றே, சொல்பவனைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது.

காண்டீவம் கனத்த நாள்

இந்த ஐந்தாவது காரணத்தை அர்ச்சுனனே தன் வாழ்வில் கற்க நேர்ந்தது. நாம் மேடைகளில் அதிகம் சொல்லாத பகுதி அது.

கண்ணபிரான் இவ்வுலகை நீத்தபின், துவாரகையின் பெண்களையும் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அர்ச்சுனன் இந்திரப்பிரஸ்தம் நோக்கிச் செல்கிறான். வழியில் கொள்ளையர் கூட்டம் தாக்குகிறது. அவர்கள் கைகளில் இருந்தவை தடிகள். எதிரே நிற்பவனோ பீஷ்மரையும் கர்ணனையும் எதிர்கொண்ட வீரன். அவன் அலட்சியமாகக் காண்டீவத்தை எடுக்கிறான். நாணேற்றவே கை திணறுகிறது. தெய்வ அஸ்திரங்களை நினைக்கிறான், நினைவுக்கு வரவில்லை. குறையவே குறையாத அம்பறாத்தூணி வெறுமையாகிறது. அவன் கண்முன்னே கொள்ளையர்கள் பெண்களைக் கவர்ந்து செல்கிறார்கள்.

அதே வில், அதே கை, அதே பயிற்சி. அப்படியானால் குருக்ஷேத்திரத்தில் வென்றது யார்? இந்தக் கேள்வி அவனைச் சுட்டெரிக்கிறது. வியாசரின் ஆசிரமத்துக்குச் சென்று கண்ணீரோடு நிற்கிறான். வியாசர் அவனை 'நீ தகுதியற்றவன்' என்று இகழவில்லை. எல்லாவற்றையும் ஆக்குவதும் அழிப்பதும் காலமே என்று எடுத்துரைத்து, அவன் தன் கடமையைச் செய்து முடித்தவன் என்று தேற்றுகிறார்.

பறவையின் கண்ணைக் கண்ட இளைஞனும் அவனே. காண்டீவத்தைத் தூக்க முடியாமல் நின்ற முதியவனும் அவனே. முதற்கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைப்பது, அவர்களுக்கு நாம் செய்யும் நன்மை ஆகாது. முதற்கதை முயல்வதற்குத் துணை. இரண்டாவது, முயற்சிக்குப் பின் நிமிர்ந்து நிற்பதற்குத் துணை.

அப்படியானால் இலக்கு எதற்கு?

பாரிஸ் தோல்விக்குப் பின் தீபிகா, ஒலிம்பிக் பதக்கம் பெறும்வரை இந்த ஆட்டத்தை விடப் போவதில்லை என்று சொன்னார். பாரிஸ் ஒலிம்பிக் முடியும்வரை எந்த இந்தியரும் வில்வித்தையில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றதில்லை. அவர் எண்ணியது எளிய குறியன்று. 'இது பலனில் பற்று அல்லவா? கீதை இதை விலக்கவில்லையா?' என்று ஒருவர் கேட்கலாம்.

இலக்கு வேண்டாம் என்று கீதை எங்கும் சொல்லவில்லை. இலக்கில்லாமல் விடப்படும் அம்பு வில்வித்தையன்று, விளையாட்டு. குறி பெரிதாக இருக்கட்டும். கண் அதிலேயே நிற்கட்டும். திருவள்ளுவரும் எளிய குறியை வீழ்த்தியவனைவிடப் பெருங்குறியில் தவறியவனை உயர்த்தித்தானே வைத்தார்! விலக்கப்பட்டது எது? 'அது கிடைத்தால்தான் நான். கிடைக்காவிட்டால் நான் ஒன்றுமில்லை' என்று, பலனின் மேல் தன் உயிரையே தொங்கவிடுவது. இலக்கு கண்ணில் இருக்க வேண்டும். கழுத்தில் கயிறாக இருக்கக் கூடாது.

இதற்கு ஓர் அடையாளத்தை வில்வித்தையே நமக்குக் காட்டுகிறது. தேர்ந்த வில்லாளிகளைப் பாருங்கள். நாணை விட்டதும் அவர்கள் கையை இறக்கிவிடுவதில்லை. அம்பு சென்று தைக்கும்வரை வில்லேந்திய கை அப்படியே நீண்டு நிற்கும், பார்வையும் அசையாது. அம்பு போய்விட்டது, இனிக் கை நின்றால் என்ன, இறங்கினால் என்ன என்று தோன்றலாம். ஆனால் அம்பு எங்கே போனது என்று பார்க்கும் ஆவலில் கையை இறக்கப் பழகியவனுக்கு, நாளடைவில் விடும் கணத்திலேயே கை இறங்கத் தொடங்கிவிடும், குறி கெடும். பலனை எட்டிப் பார்க்கும் ஆசை செயலையே கெடுத்துவிடுகிறது. பயிற்சியாளர்கள் இதை வில்லின் இலக்கணமாகச் சொல்கிறார்கள். பகவான் இதை வாழ்வின் இலக்கணமாகச் சொன்னார்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இன்றைய தனிநபர் போட்டியில் மூன்று மூன்று அம்புகளாகச் செட்டுகள் நடக்கின்றன. ஒரு செட்டில் எவ்வளவு பின்தங்கினாலும் அந்தக் குறை அடுத்த செட்டின் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. அடுத்த செட் பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறது. போட்டியின் விதி மன்னித்துவிடுகிறது; வில்லாளியின் மனம்தான் மன்னிப்பதில்லை. போன அம்பைச் சுமந்துகொண்டு அடுத்த அம்பை எய்பவர்கள் தோற்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் பத்தாண்டுகளுக்கு முன் தவறிய ஓர் அம்பை இன்னும் தோளில் சுமந்துகொண்டிருக்கிறோம்!

தீபிகா குமாரியின் உள்ளத்தில் இத்தகைய எண்ணங்கள் ஓடினவா என்று சொல்ல நாம் யார்? அவர் அழுதிருக்கலாம், வில்லை மூலையில் சாத்திவிட்டுப் பல இரவுகள் உறங்காமல் கிடந்திருக்கலாம். அவரை யோகி என்று கொண்டாட இதை நான் சொல்லவில்லை. ஆனால் வெளியே தெரிவது ஒன்று உண்டு. 2012-க்குப் பின் 2016. அதற்குப் பின் 2021. அதற்குப் பின் 2024. ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் அந்தக் கோட்டின் மேல் வந்து நின்றார். பாரிஸ் தோல்விக்குப் பின் இரண்டரை மாதங்களில் மெக்சிகோவில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நின்று வெள்ளி வென்றார். கை இறங்கவில்லை. சாதகர்களாகிய நமக்கு அது போதும்.

அம்பும் நாமே

முண்டக உபநிஷத்தில் வில்வித்தையை வைத்து ஓர் உயர்ந்த உருவகம் வருகிறது. பிரணவம் வில், ஆன்மா அம்பு, பிரம்மமே இலக்கு. அங்கே ஒரு வியப்பு. எய்பவனே அம்பாகிவிடுகிறான். உபாசனையால் தீட்டப்பட வேண்டியது வெளியில் உள்ள ஒரு பொருள் அன்று, நாமே. அம்பு இலக்கில் தைத்து அதனோடு ஒன்றாவதுபோல், நாம் இறைவனோடு ஒன்றாக வேண்டும்.

உலகியலில் நாம் எய்யும் ஒவ்வோர் அம்பும் இந்தப் பேரம்பைத் தீட்டும் சாணைக்கல். தேர்வு, தொழில், குடும்பக் கடமை, தொண்டு என்று நாம் உண்மையாகச் செய்யும் எதுவும் இரண்டு பலன்களைத் தருகிறது. ஒன்று வெளியே: பதக்கம், இடம், பெயர். அது வரலாம், வராமலும் போகலாம். மற்றொன்று உள்ளே: பொறுமை, ஒழுங்கு, பணிவு, விழுந்தும் எழும் உறுதி. இது வராமல் போவதே இல்லை. வெளிப்பலன் ஐந்து காரணங்களைச் சார்ந்தது. உட்பலனுக்கோ நாம் நேர்மையாக நாணை இழுத்தால் போதும்.

அன்று மாலை

அந்தத் தந்தையையும் மகளையும் அமரச் சொன்னேன். "அம்மா, நான் இன்று மேடையில் பாதியைத்தான் சொன்னேன். உன் ஒருமைப்பாட்டில் குறை இருந்ததா என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். ஆனால் இடம் கிடைக்காதது ஒன்றையே சான்றாக வைத்து அதை முடிவு செய்யாதே" என்றேன்.

பிறகு கேட்டேன்: "அந்த இரண்டு ஆண்டுகளில் படித்தவற்றில் உனக்கு எது பிடித்தது?"

சற்று நேரம் பேசாமல் இருந்தவள், இதயத்தில் குருதி வந்து திரும்பும் முறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எந்த அறை எப்போது சுருங்கும், எந்தக் கதவு எப்போது மூடும் என்று கைகளால் காட்டிக்கொண்டே சொன்னாள். அப்போதுதான் அவள் தலை நிமிர்ந்தது. தந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை, சுவாமிஜி. மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார்.

அவர் சொன்னது அவருக்கு மட்டும் உரியதன்று. வீடுகளில் நம் பிள்ளைகள் நாணை இழுத்து நிற்கிறார்கள். 'என்ன காண்கிறாய்?' என்று துரோணர் கேட்டதை நாம் கேட்பதில்லை. 'அடித்தாயா, இல்லையா?' என்றே கேட்கிறோம். வென்றவனைத் தோளில் தூக்குகிறோம். தவறியவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். வியாசர் அர்ச்சுனனை வரவேற்றதுபோல், வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளையை வரவேற்கும் பெற்றோராக நாம் இருக்கிறோமா? இன்று இரவு உறங்கச் செல்லும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அந்தப் பெண் மீண்டும் அதே தேர்வை எழுதுவாளா, வேறு வழியில் செல்வாளா என்று நான் கேட்கவில்லை. எந்த வழியானாலும் அவள் எய்யட்டும். எய்தும்போது எய்தட்டும்.

இறைவா! எய்யும் வலிமையை எங்களுக்குத் தந்தாய், குறியையும் காட்டினாய். நாணை விடும்வரை எங்கள் கை தளராதிருக்கட்டும். விட்ட பின் எங்கள் மனம் கலங்காதிருக்கட்டும். அம்பு எங்கே வீழ்ந்தாலும், அது உன் திருவடியில் வீழ்ந்ததாகவே நீ ஏற்றுக்கொள்வாயாக!